35-வது கிலோமீட்டரில் நின்று என்ன சொல்ல வேண்டும்?

காலைஐந்துமணி (இழையைத் தொடங்கியவர்)

ஒரு மாதமாக மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பதை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் தொழில்முறை கோச் இல்லை. ஏழு மாரத்தான் ஓடியிருக்கிறேன், நான்கு வருடமாகப் பதினோரு பேர் உள்ள ஒரு குழுவுக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்து அவர்களோடு நானும் ஓடுகிறேன். எல்லாரும் வேலை, வீடு, பிள்ளைகள் என்று பார்த்துவிட்டு மிஞ்சும் நேரத்தில் ஓடுகிறவர்கள். குழுவில் நாற்பத்தாறு வயது அக்கா ஒருவர். அவருக்கு இது முதல் முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர். இருபது வாரத் திட்டம், வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) 14 கிலோமீட்டரில் தொடங்கி 30 வரை, கடைசி மூன்று வாரம் டேப்பர், அதாவது ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. ஒரு நாள்கூட அவர் தவறவிடவில்லை. ஐந்து மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை, கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி வருகிறது.

பந்தயத்தன்று நான் ஓடவில்லை. வழியில் மூன்று இடங்களில் நின்றேன். 10-ல் சிரித்துக்கொண்டே போனார். பாதித் தூரத்தில் 2:29, கையசைத்தார். 35-ல் வரும்போது இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார், தூரத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, "தம்பி, கால் சரியில்ல" என்றார். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், விழுந்தது. ஆனால் நான் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தேன். "அக்கா விடாதீங்க, இன்னும் கொஞ்சந்தான், இருபது வாரத்த நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கூட ஓர் ஐம்பது மீட்டர் ஓடினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். முடித்தார், 5:21. மெடலோடு படம் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் இடது காலை ஊன்ற முடியவில்லை. ஸ்கேன் எடுத்ததில் கணைக்கால் எலும்பில் விரிசல். எட்டு வாரம் ஓடக்கூடாது.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கனமாக இருக்கிறது. உற்சாகப்படுத்துவதும் தள்ளிவிடுவதும் எங்கே பிரிகின்றன? வழியில் நிற்கும் பயிற்சியாளர் என்னதான் சொல்ல வேண்டும்?

மஞ்சள்கொடி

ஐந்து மணி நேர பேசராக (அந்த நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்களுக்கு வேகம் காட்டி ஓடுபவராக) ஆறு முறை கொடி பிடித்து ஓடியிருக்கிறேன், அதனால் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 35-ல் நின்று "இன்னும் கொஞ்சந்தான்" என்று யாரும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. மிச்சம் இருப்பது 7.195 கிலோமீட்டர். அந்த அக்கா போன வேகத்தில் அது ஐம்பது நிமிடத்துக்கும் மேல். ஐம்பது நிமிட வலி காத்திருக்கிறது என்று அவர் கால்களுக்குத் தெரியும், நீங்களோ கொஞ்சம் என்கிறீர்கள். அந்த நொடியில் அவர் தனியாகிப் போகிறார். என் குழுவில் பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: பொய்யான தூரம் சொன்னவர்மேல் வந்த கோபம் முடிவுக் கோடு வரை அடங்கவே இல்லை என்று.

உடம்பிலும் அந்த இடத்தில் ஒரு மாற்றம் நடக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் ஏறக்குறைய 2000 கலோரிக்குத்தான் காணும், 30 தாண்டியதும் அது தீர்ந்துவர ஆரம்பிக்கும். இடையில் எனர்ஜி ஜெல்லோ இனிப்புப் பானமோ மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்துக் கணக்கில் எடுக்காதவருக்கு மூளையே மங்கலாகிவிடும். கூட்டல் கழித்தல் வராது. நான் கேட்டிருக்கிறேன், 37-ல் ஒருவரிடம் மிச்சம் எவ்வளவு என்று, அவர் பதினைந்து என்றார், அழுதுகொண்டே. அந்த நிலையில் இருப்பவரிடம் நாம் சொல்வது அப்படியே உள்ளே போகும், எடைபோட்டுப் பார்க்க அவரிடம் சக்தி இல்லை. இருபது வாரத்தை நினைத்துப் பாருங்கள் என்றால் அவர் நினைத்துப் பார்த்துவிட்டு, நிற்கும் உரிமை தனக்கு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை நண்பரே. நானும் முதல் இரண்டு முறை இதையேதான் கத்தினேன்.

கடைசிவரிசை

நான் ஆறு மணி நேரக்காரி. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

நாங்கள் 30-ஐத் தொடும்போது கைதட்டியவர்கள் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தண்ணீர் கொடுக்கும் மேசையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். தரையெல்லாம் நசுங்கிய கப், காலில் ஒட்டும். வண்டிகளைத் திறந்துவிடப் போகிறோம், ஓரமாக வாருங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லும். பின்னால் கட்-ஆஃப் வண்டி, நேரம் கடந்தவர்களை ஏற்றிக்கொள்வது, ஊர்ந்துவரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் நிற்கிற ஒரே ஒரு ஆள், முன்னால் ஓடியவர்களுக்குக் கத்திய ஆயிரம் பேருக்குச் சமம்.

இதைவிட எனக்குப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. நான் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, முதல் கிலோமீட்டரிலிருந்தே. அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜெஃப் கேலோவே பிரபலமாக்கிய முறைதான், களைத்துப்போய் நடப்பது கிடையாது, திட்டம் போட்டு நடப்பது. ஆனால் என் நடை நிமிடம் வரும்போதெல்லாம் ஓரத்தில் நிற்பவர்கள் "நடக்காதீங்க, ஓடுங்க ஓடுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். முதல் மாரத்தானில் அதைக் கேட்டு வெட்கப்பட்டு மூன்று முறை நடையை விட்டுவிட்டேன். 28-ல் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, கடைசி 14-ஐ நொண்டியே முடித்தேன்.

எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல வார்த்தை எது தெரியுமா? 37-ல் ஒரு வயதான அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் பிப்பில் (சட்டையில் குத்தும் எண் அட்டையில்) இருந்த பெயரைப் படித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அந்த வளைவு தாண்டினா தண்ணி இருக்கு, இன்னும் எடுத்து வைக்கல, நான் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். வாழ்த்து, பாராட்டு எதுவும் கிடையாது. ஒரு தகவல், அதுவும் உண்மையான தகவல். நான் அழுதுவிட்டேன்.

முதலுதவிக்கூடாரம்

செவிலியர் வேலை, பந்தய நாட்களில் மருத்துவக் கூடாரத்தில் தன்னார்வமாக இருக்கிறேன். இழையைத் தொடங்கியவருக்கு நேரடியாகச் சில விஷயங்கள்.

வலிகள் ஒரே மாதிரி கிடையாது. இரண்டு தொடையும் எரிகிறது, கால் கல்லாகக் கனக்கிறது, உள்ளங்கால் முழுவதும் வலிக்கிறது என்றால் அது மாரத்தானோடு வருவது. ஒரு பக்கம் மட்டும், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், ஒவ்வொரு அடிக்கும் கூடிக்கொண்டே போகிறது, நடையே மாறிவிட்டது என்றால் அது வேறு. எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: "எங்கே? விரல வச்சுக் காட்டுங்க." பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியை யாரும் ஓட்டக்காரரிடமிருந்து பறிக்கவில்லை, அவர்கள் எப்படியும் நின்றுவிடத்தான் ஆசைப்படுகிறார்கள்.

அதைவிட அவசரமானது பேச்சு. பெயர் கேட்டால் தடுமாறுகிறார், நேர்கோட்டில் போகவில்லை, கண் எங்கோ பார்க்கிறது என்றால் கைதட்டுவதை நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் அது, சுவிட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் மைதானத்துக்குள் கோணலாகத் தள்ளாடி வந்த காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அரங்கமே எழுந்து கத்தியது. அன்றைக்கு மருத்துவர்கள் அவர் கூடவே நடந்தார்கள், அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைக் கவனித்துத்தான் போகவிட்டார்கள். கூட்டம் பார்த்தது வீரத்தை, மருத்துவர்கள் பார்த்தது வியர்வையை. உங்கள் குழுவுக்கு வழியில் நிற்கும்போது நீங்கள் இரண்டாவது ஆளாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று எல்லாரையும் துரத்தாதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவர்கள், இவர்களுக்குத்தான் அது அதிகம். அளவுக்கு மீறிக் குடித்ததால் வந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உறவினர்களையும் பார்க்கிறேன். ஐபுப்ரோஃபென் போன்றவை அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை, வேண்டாம்.

கடைசியாக, வழியில் நிற்கிற ஒவ்வொருவரும் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொண்டு வாருங்கள். அமெரிக்க ஓட்டங்களை வைத்து 2012-ல் வந்த ஆய்வில் முழு மாரத்தானில் இதயம் திடீரென்று நின்றுபோவது ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு. மிக அபூர்வம்தான். ஆனால் பெரும்பாலும் கடைசிக் கால்வாசித் தூரத்தில் நடக்கிறது, பக்கத்தில் இருப்பவர் உடனே அழுத்த ஆரம்பித்தால்தான் பிழைக்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம்.

லாங்ரன்ஞாயிறு

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் நிற்கிறேன்.

என் முதல் மாரத்தானில் 33-ல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேவிட்டேன். ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என் கோச் வந்து எதிரே குந்தி உட்கார்ந்து, "எழுந்திரு, அடுத்த கம்பம் வரைக்கும் நட, அங்க போய் முடிவு பண்ணு" என்றார். அப்படியே கம்பம் கம்பமாகப் போய் முடித்தேன். அன்று அவர் "பாவம், நிறுத்திக்கோ" என்று சொல்லியிருந்தால் இன்று வரை ஓடியிருக்க மாட்டேன். களைப்பு என்பது பாதி மூளையின் தீர்ப்பு. 2014-ல் வந்த ஓர் ஆய்வில் 24 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் ஊக்க வார்த்தைகளை இரண்டு வாரம் பழக்கினார்கள். அவர்கள் ஓய்ந்துபோகும்வரை தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. கால் அதே கால்தான்.

பாஸ்டன் மாரத்தானில் அதிகாரப்பூர்வ எண்ணோடு ஓடிய முதல் பெண் கேத்ரின் ஸ்விட்சர் கதையையும் நினைத்துப் பாருங்கள். அவரது பயிற்சியாளர் ஆர்னி பிரிக்ஸ் ஆரம்பத்தில், பெண்ணால் அவ்வளவு தூரம் முடியாது என்றவர். பயிற்சியில் ஓடிக்காட்டு, நானே கூட்டிப்போகிறேன் என்றார். அந்தப் பெண் 31 மைல் ஓடிக்காட்டினார். 1967-ல் பாஸ்டனில் 261-ஆம் எண்ணோடு அவர் ஓடியபோது, பெண் ஓடக்கூடாது என்று அதிகாரி ஒருவர் பிடித்து இழுத்தாரே, அப்போது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் அதே பிரிக்ஸ்தான், ஓடு என்று கத்தினார். அந்தக் குரல் இல்லாவிட்டால்? கத்த வேண்டிய நேரம் என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது. எல்லாவற்றையும் மருத்துவக் கண்ணோடு பார்த்தால் யாரும் 42 ஓட முடியாது.

அந்த அக்கா குழந்தை இல்லை. முடிப்பது என்று முடிவு செய்தவர் அவர்தான்.

முதலுதவிக்கூடாரம்

லாங்ரன்ஞாயிறு, உங்கள் கோச் செய்ததை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். கவனியுங்கள், அவர் உங்கள் எதிரே குந்தி உட்கார்ந்தார். உங்கள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அடுத்த கம்பம் வரை என்றார், அங்கே போய் முடிவு உன்னுடையது என்றார். நிறுத்தும் வாசலைத் திறந்தே வைத்திருந்தார். அது பெரிய வித்தை.

லாங்ரன்ஞாயிறு

சரி, அது உண்மைதான். அப்படி யோசித்ததில்லை.

வழியோரம்

நான் ஓடுவதில்லை. மனைவி ஓடுகிறார், ஒன்பது மாரத்தான். ஓரத்தில் நிற்பதுதான் என் வேலை, அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள நான்கு பந்தயம் ஆனது. எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

எங்கே நிற்பேன் என்பதை முந்தின இரவே பேசிவிடுவோம்: எத்தனையாவது கிலோமீட்டர், சாலையின் எந்தப் பக்கம், என்ன நிறச் சட்டை. பக்கம் மிக முக்கியம். ஒரு முறை நான் வலப்பக்கம் நின்றேன், அவர் இடப்பக்கம் தேடிக்கொண்டே போய்விட்டார், அடுத்த ஐந்து கிலோமீட்டர் அந்த ஏமாற்றத்தைச் சுமந்து ஓடியதாகச் சொன்னார். வருவேன் என்று சொன்ன இடத்துக்குக் கண்டிப்பாகப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முடியாது என்றால் அந்த இடத்தைச் சொல்லவே கூடாது. ஓடுகிறவரின் நேரத்தைப் பதியும் சிப் தரும் தகவலை ஆப்பில் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், தாமதமாகத்தான் வரும், தலையைக் குனிந்திருக்கும்போது ஆள் கடந்துவிடும்.

10-ல் நிற்பதில் பெரிய பயன் இல்லை, அங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். அங்கே நான் சொல்வது ஒன்றே ஒன்று: "மெதுவா." முதல் பாதியில் சீக்கிரம் போய்விடுவதுதான் பாதிக் கஷ்டத்துக்குக் காரணம், கூட்டத்தின் கைதட்டலே அந்தத் தவறைச் செய்யவைக்கிறது. 31-க்கும் 38-க்கும் நடுவே எங்காவது, ஆள் குறைவான, நிழல் இல்லாத, நீளமான நேர்ச்சாலையாகப் பார்த்து நிற்பேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்து கொடுப்பார். இந்த வருடம் மூன்று வாக்கியம் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு சொல் பேசக்கூடாது என்று கட்டளை, பேசவில்லை.

கூட ஓடுவது வேண்டாம் நண்பரே. போட்டியில் இல்லாதவர் கூட ஓடி உதவுவது பல பந்தயங்களில் விதிமீறல். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியட்ரி விழுந்து விழுந்து எழுந்தபோது அதிகாரிகள் பரிதாபப்பட்டுத் தாங்கிக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள், அந்த உதவியாலேயே அவர் தங்கத்தை இழந்தார். நம்மவர்களுக்குத் தங்கம் போகாது, பின்னால் வருகிற இன்னொருவருக்கு வழி மறையும், அது போதும் தவிர்ப்பதற்கு.

பழையஷூ

முப்பது வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். 35-ஆவது கிலோமீட்டரைப் பற்றியே எல்லாரும் பேசிவிட்டீர்கள். நான் பதினாறாவது வாரத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

எலும்பில் விரிசல் பெரும்பாலும் ஒரே நாளில் விழுவதில்லை. நாள்தோறும் விழும் சின்னச் சேதத்தை எலும்பு ஆற்றிக்கொண்டே வரும், ஆற்றும் வேகத்தைச் சுமை முந்தும்போதுதான் கீறல் தொடங்கும். அப்படியானால் பந்தயத்துக்கு முன்பே அந்த இடத்தில் தொட்டால் வலி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தம்பி, அவர் உங்களிடம் அதைச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை?

இருபது வாரத்தில் ஒரு நாளும் தவறவிடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பயம்தான் வந்தது. நாற்பத்தாறு வயது, வேலை, வீடு. அப்படிப்பட்ட ஒருவருக்கு இருபது வாரத்தில் ஒரு காய்ச்சல், ஒரு தூக்கமில்லாத இரவு, ஒரு கால்வலி வராமலா இருந்திருக்கும்? வந்திருக்கும். மறைத்திருப்பார். பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர்கள் கோச்சை ஏமாற்றக் கூடாது என்று நினைத்து உடம்பை ஏமாற்றிவிடுவார்கள், நான் இதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். காசு வாங்காமல் நேரம் ஒதுக்கிச் சொல்லித்தருகிறாரே என்ற நன்றியும் அதில் சேர்ந்துகொள்ளும்.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் 1960-களின் தொடக்கத்தில் நடுவயதுக்காரர்களை, அதில் இதய நோய் வந்தவர்களும் உண்டு, ஓட வைத்தார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பீட்டர் ஸ்னெலுக்குப் பயிற்சி கொடுத்த அதே மனிதர். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் அவர்களுக்கு அளவு. மூச்சுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பேசிக்கொண்டே ஓடும் குழுவில் வலியும் பேச்சில் வந்துவிடும்.

காலைஐந்துமணி

பழையஷூ ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. நேற்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன்.

பதினேழாவது வாரம், 30 கிலோமீட்டர் லாங் ரன் முடிந்த அன்று இரவே அந்த இடம் தொட்டால் வலித்திருக்கிறது. டேப்பரில் ஓட்டம் குறைந்ததால் கொஞ்சம் அடங்கியது, சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். தயங்கினார். அப்புறம் போனை எடுத்து எங்கள் குழுவின் செய்திகளைக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு பட்டியல் போடுவேன், யார் யார் எத்தனை நாள் ஓடினார்கள் என்று, தவறாதவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வைத்து. கீழே எல்லாரும் கைதட்டல் குறி போடுவார்கள். "பதினேழு நட்சத்திரம் தம்பி, பதினெட்டாவதுல எப்படி நிறுத்துறது" என்றார்.

அந்தப் பட்டியலை நான் உற்சாகப்படுத்துவதற்காகத்தான் போட்டேன். 35-ல் கத்தியதைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன், நான்கு வருடமாக வாராவாரம் அதையேதான் எழுத்திலும் கத்தியிருக்கிறேன். நேற்றிரவே பட்டியலை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி எல்லாரும் எழுத வேண்டியது இரண்டு வரி: இந்த வாரம் எங்கே வலித்தது, எதை விட்டேன். முதல் ஆளாக என் குதிகால் வலியை நானே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் எழுதினார்கள். அதில் இருவரிடம் இதுவரை இப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அக்கா அடுத்த வருடம் மறுபடி ஓடுகிறார், மருத்துவர் சரி என்றால். அவரும் மூன்று விஷயம் சொல்லிவிட்டார், வழியோரம் நண்பர் சொன்னதுபோல. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மிச்சத் தூரத்தை மீட்டர் பிசகாமல் சொல்ல வேண்டும். அவர் கையைப் பார்க்க வேண்டும்: விரித்திருந்தால் ஒன்றும் பேசாமல் விட்டுவிட வேண்டும், முஷ்டியாக இருந்தால் கூடவே நடந்து கூடாரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், அப்போது ஒரு வார்த்தை சமாதானம் சொல்லக்கூடாது.

அடுத்த மாதம் எங்கள் குழுவில் இருவர் அரை மாரத்தான் ஓடுகிறார்கள். 17-ஆவது கிலோமீட்டரில், இடப்பக்கம், நானும் அக்காவும் நிற்போம். கடைசிவரிசை எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன், அதைக் கேட்டுவிட்டு நாற்காலி ஒன்று எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருப்பாராம்.